கிடர்பூரைக் கடந்து இமயமலைக்குப் படகில் போன ஹிலாரி: இன்று அதே வழியில் போக முடியுமா?

கொல்கத்தாவின் கிடர்பூர் துறைமுகப் பக்கம் போயிருக்கிறீர்களா? அங்கே ஓடுவது ஹூக்ளி, கங்கையின் ஒரு கிளை. 1977 ஆகஸ்டில் மூன்று சின்னப் படகுகள் கங்காசாகரில் கிளம்பி, கிடர்பூரைத் தாண்டி வடக்கே போயின. அந்தக் குழுவின் தலைவர், எவரெஸ்டில் டென்சிங் நோர்கேவுடன் முதலில் ஏறிய அதே எட்மண்ட் ஹிலாரிதான். படகு போகிற வரைக்கும் இமயமலைக்குள் போய்விட வேண்டும். இதுதான் திட்டம்.

இதில் என்ன புதுசு?

மலை இடுக்கில் ஓடும் ஆற்றை ஆராய்ந்தவர்கள் பொதுவாக நீரோட்டத்தோடு கீழே வந்தவர்கள். 1869-ல் ஜான் வெஸ்லி பவல், அமெரிக்காவின் கிராண்ட் கேன்யனை அப்படித்தான் கடந்தார். உள்நாட்டுப் போரில் ஒரு கையை இழந்தவர் அவர். கிளம்பியது 10 பேர். மூன்று மாதம் கழித்து மறுமுனைக்கு வந்தது 6 பேர். ஹிலாரி போனது எதிர்த்திசையில்.

எதிர்நீச்சல் எப்படிச் சாத்தியமானது?

சாதாரண மோட்டார் படகின் விசிறி பாறையில் பட்டால் உடைந்துவிடும். நியூசிலாந்துக்காரரான பில் ஹாமில்டன் உருவாக்கிய ஜெட் படகில் வெளியே விசிறியே கிடையாது. அடியில் தண்ணீரை உறிஞ்சி, பின்பக்கம் பீய்ச்சி அடிக்கும். அந்த விசையில் படகு பாயும். ஆழம் குறைந்த தண்ணீரிலும் ஓடும். 1960-ல் கிராண்ட் கேன்யனையே இந்தப் படகுகள் கீழிருந்து மேலே ஏறிக் காட்டின.

எதுவரை போனார்கள்?

வழியெங்கும் கரையில் கூட்டம். ரிஷிகேஷ் தாண்டியதும் மலை இடுக்கு ஆரம்பம். இன்று நீங்கள் வார இறுதியில் ராஃப்டிங் போகிறீர்களே, அதே இடம்தான். நீங்கள் இறங்கி வரும் ரேபிட்களில் அவர்கள் ஏறினார்கள். தேவபிரயாகையில் அலக்நந்தாவுக்குள் திரும்பினார்கள். நந்தபிரயாகை அருகே ஓர் அருவி வழிமறித்தது. படகுப் பயணம் அங்கே முடிந்தது.

பிறகு மலையேற்றம். 58 வயது ஹிலாரியின் உடம்பு உயரத்தைத் தாங்கவில்லை. உடன் வந்தவர்கள் அவரைக் கீழே இறக்க, ஹெலிகாப்டர் வந்து மீட்டது. இரண்டு வருடம் முன்பு, 1975-ல், மனைவியையும் மகளையும் விமான விபத்தில் இழந்தவர் அவர். மகன் பீட்டர் இந்தப் பயணத்தில் கூடவே இருந்தார்.

இன்று போக முடியுமா?

நந்தபிரயாகை வரை முடியாது. வழியில், உத்தராகண்டின் ஸ்ரீநகர் அருகே, அலக்நந்தாவின் குறுக்கே 330 மெகாவாட் நீர்மின் திட்டத்தின் அணை நிற்கிறது.

மின்சாரம் தேவைதான். ஆனால், அணைக்குக் கீழே ஆற்றில் எவ்வளவு தண்ணீர் மிஞ்ச வேண்டும்? 2018-ல் மத்திய அரசு இதற்கு ஒரு கணக்கு வகுத்தது. ஹரித்வாருக்கு மேலே, நவம்பர் முதல் மார்ச் வரை இயல்பான மாத நீரோட்டத்தில் 20 சதவீதமாவது, ஜூன் முதல் செப்டம்பர் வரை 30 சதவீதமாவது ஓட வேண்டும்.

அடுத்த முறை ரிஷிகேஷில் லைஃப் ஜாக்கெட் மாட்டும்போது யோசித்துப் பாருங்கள். மேலே எவ்வளவு தண்ணீர் திறக்கிறார்கள் என்பதைப் பொறுத்துத்தான் அங்கே மீனும் வாழும், உங்கள் படகும் ஓடும்.