தாத்தா படமும் நாலு துண்டு நியூஸ் பேப்பரும்
(சுவரில் மாட்டும் படத்துக்குச் சரியான அளவு எது?)



படம் மாட்டுவதில் என்ன பெரிய விஷயம் இருக்கிறது, ஆணி அடித்தால் முடிந்தது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். எங்கள் தாத்தா போன பிறகுதான், அதிலும் ஒரு கணக்கு இருக்கிறது என்று தெரிந்தது. அந்தக் கணக்கை உங்களுக்கும் சொல்லிவிடலாம் என்றே இதை எழுதுகிறேன்.

தாத்தா தனியாக நிற்கிற போட்டோ எங்கள் வீட்டில் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. கோயில் கொடையில் எடுத்தது. அளவு 4 அங்குலம் × 6 அங்குலம். ஆச்சிக்குக் கால் எலும்பு முறிந்ததிலிருந்து முன் அறையில் கட்டிலோடுதான் இருக்கிறாள். "அவுக படத்த நான் படுத்துக்கிட்டே பாக்குற மாதிரி மாட்டுங்கய்யா" என்று கேட்டாள். அப்பா உடனே, "பெரிசாப் போட்டுருவோம், 24க்கு 36! அதுதான் மரியாதை" என்று சொல்லிவிட்டார்.

போட்டோவை ஸ்டுடியோவுக்குக் கொண்டுபோனோம். ஸ்டுடியோ அண்ணன் அதைப் பார்த்துவிட்டு, "போடலாம் சார். ஆனா கிட்டப் போய்ப் பாத்தா முகம் கலங்கிரும்" என்றார். ஏன் என்று நான் கேட்டேன். அவர் சொன்னது இதுதான்:

4 × 6 படத்தை 24 × 36 ஆக்கினால் நீளமும் அகலமும் 6 மடங்கு ஆகும். பரப்பளவோ 36 மடங்கு! அங்குலத்துக்கு 600 புள்ளி வீதம் ஸ்கேன் செய்தால் அகலத்தில் 2400 புள்ளிகள் கிடைக்கும். அதை 24 அங்குலத்தில் பரப்பினால் அங்குலத்துக்கு 100 புள்ளிதான். 12 × 18 அளவில் போட்டால் 200 புள்ளி. கிட்ட நின்று பார்க்கிற படத்துக்கு 200 முதல் 300 வரை இருந்தால்தான் தெளிவாக இருக்கும். ரோட்டு ஓரத்து ஃபிளெக்ஸ் பேனர் தூரத்தில் பளிச்சென்று தெரிந்தாலும், பக்கத்தில் போனால் புள்ளி புள்ளியாகத் தெரிவது இதனால்தான். அதோடு, பழைய போட்டோவில் இல்லாத தெளிவை எந்த ஸ்கேனராலும் புதிதாகக் கொண்டுவர முடியாது.

அப்பாவுக்கு மனசு ஆறவில்லை. "சின்னதாப் போட்டா அந்தச் சுவத்துல தபால்தலை ஒட்டுன மாதிரி இருக்குமேடா" என்றார். அதிலும் நியாயம் இருந்தது. சரி, அளந்தே பார்த்துவிடுவோம் என்று வீட்டுக்குத் திரும்பி வந்தோம்.

முதல் வேலை: நியூஸ் பேப்பரை ஒட்டி, நாலு அளவில் துண்டு வெட்டினேன். ஒவ்வொன்றாகச் சுவரில் ஒட்டிப் பார்த்தோம். இதற்குக் காசு செலவு கிடையாது. 24 × 36 தாளை ஒட்டியதுமே அப்பா சிரித்துவிட்டார். கதவுக்கும் ஜன்னலுக்கும் நடுவில் இருப்பதே 36 அங்குலம். ஃபிரேமும் சேர்ந்தால் படம் 26 அங்குலம் ஆகிவிடும். பக்கத்துக்கு 5 அங்குலம்தான் மிச்சம். 6 அங்குல ஸ்விட்ச் போர்டின் ஓரம் படத்துக்கு அடியில் போய்விட்டது!

இரண்டாவது: கீழே இருக்கிற சாமானைப் பார்க்க வேண்டும். மேசை, பெஞ்சு, சோபா எதற்கு மேலே மாட்டினாலும், படத்தின் அகலம் அந்தச் சாமானின் அகலத்தில் மூன்றில் இரண்டு பங்கிலிருந்து முக்கால் பங்கு வரை இருந்தால் பார்க்க நன்றாக இருக்கும். எங்கள் சுவருக்குக் கீழே ஆச்சியின் மருந்து மேசை இருக்கிறது. அகலம் 24 அங்குலம். அப்படியானால் படம் 16 முதல் 18 அங்குலம். கீழே ஒன்றும் இல்லாத வெறும் சுவர் என்றால், சுவரின் அகலத்தில் பாதிக்குச் சற்று மேலிருந்து முக்கால் வரை போகலாம்.

மூன்றாவது: பார்க்கிற தூரம். படத்தின் மூலைவிட்டத்தைப் போல ஒன்றரை மடங்கிலிருந்து இரண்டு மடங்கு தூரத்தில் இருந்து பார்த்தால் முழுப் படமும் கண்ணுக்குள் அடங்கும். 18 × 24 படத்தின் மூலைவிட்டம் எவ்வளவு? நம் கணக்கு வகுப்பு பிதாகரஸ் இங்கே வந்து நிற்கிறார்! 324 + 576 = 900. வர்க்கமூலம் 30. அப்படியென்றால் 45 முதல் 60 அங்குலம். ஆச்சியின் தலையணையிலிருந்து சுவருக்கு 5 அடி, அதாவது சரியாக 60 அங்குலம்.

ஆக, சுவருக்கு 18 × 24 வேண்டும். போட்டோவோ 12 × 18க்கு மேல் தாங்காது. என்ன செய்வது? ஃபிரேம் கடைக்காரர் வழி சொன்னார். படத்தைச் சுற்றி இரண்டரை அங்குலத்துக்கு வெள்ளை அட்டை, அதாவது மவுண்ட். அதற்கு வெளியே அரை அங்குலச் சட்டம். நாலு பக்கமும் 3 அங்குலம் கூடியதில் 12 × 18 படம் 18 × 24 ஆகிவிட்டது! முகமும் கலங்கவில்லை, சுவரும் நிறைந்தது.

நான்காவது: உயரம். நின்று பார்க்கிற படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து 57 முதல் 60 அங்குலத்தில் இருப்பது வழக்கம். பழைய வீடுகளில் பெரியவர்கள் படத்தை உத்தரத்துக்குக் கீழே, முன்பக்கம் சாய்த்து மாட்டியிருப்பார்கள். அப்பாவும் அப்படித்தான் மாட்ட நினைத்தார். "ஆச்சி அண்ணாந்து பாக்க முடியாதேப்பா" என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தவர், "சரி, கீழயே அடி" என்றார். நடுப்பகுதி 48 அங்குலத்தில் வருகிற மாதிரி மாட்டினோம். மேசைக்கு மேலே 8 அங்குலம் இடைவெளி. நேர் வெயில் விழாத சுவர்தான். வெயில் பட்டால் நிறம் வெளுத்துவிடும்.

படம் என்றால் பெரிதாகத்தான் இருக்க வேண்டும் என்று இல்லை, நண்பர்களே. பாரிஸ் நகரத்து லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கும் மோனா லிசா ஓவியம் வெறும் 77 செ.மீ. × 53 செ.மீ. அதே கூடத்தில் எதிர்ச்சுவரில் இருக்கும் வெரோனேசேயின் 'கானாவூர் கல்யாணம்' ஓவியமோ கிட்டத்தட்ட 10 மீட்டர் அகலம், ஏழு மீட்டருக்குச் சற்றுக் குறைந்த உயரம்! வெனிஸில் ஒரு மடத்தின் பெரிய சாப்பாட்டுக் கூடத்துச் சுவருக்காக அதை 1563இல் வரைந்து முடித்தார். சுவருக்கும் பார்ப்பவருக்கும் எது பொருந்துமோ அதுவே சரியான அளவு.

நம் வகுப்பில் சார்ட் ஒட்டும்போதும் இதை நினைத்துக்கொள்ளுங்கள். கடைசி பெஞ்சில் இருப்பவனுக்கும் தெரிய வேண்டாமா?

படம் மாட்டிய அன்று சாயங்காலம் ஆச்சி வெகு நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு என்னைக் கூப்பிட்டு, "ஏல, உங்க தாத்தா சட்டையில மேல் பட்டன் போடல பாத்தியா? அன்னைக்கே சொன்னேன், கேக்கல" என்றாள்.

அந்தச் சின்னப் போட்டோவில் அது எங்கள் யார் கண்ணுக்கும் தெரிந்ததில்லை.

– பத்தாம் வகுப்பு, 'ஆ' பிரிவு மாணவன்