வைர மழை பெய்யும் கோள்களுக்கு யார் போவது?

யுரேனஸுக்குள்ளும் நெப்டியூனுக்குள்ளும் வைரம் மழையாகப் பெய்துகொண்டிருக்க வேண்டும். 1981-லேயே இப்படி ஒரு கணிப்பு வந்தது. இந்த மழைக்கு மேகம் தேவையில்லை. பல ஆயிரம் கிலோமீட்டர் ஆழத்தில் நீர், அமோனியா, மீத்தேன் எல்லாம் கலந்து சூடான அடர்குழம்பாகக் கிடக்கின்றன. அங்கே அழுத்தம் நாம் சுவாசிக்கும் காற்றின் அழுத்தத்தைவிடப் பல லட்சம் மடங்கு. மரியானா அகழியின் அடியில்கூட சுமார் 1,100 மடங்குதான்! அந்த நெருக்குதலில் மீத்தேன் உடைகிறது. கார்பன் அணுக்கள் இறுகி வைரமாகி மையத்தை நோக்கி இறங்குகின்றன.

2017-ல் கலிபோர்னியாவில் இதைச் செய்தே பார்த்தார்கள். தெர்மோகோல் எதில் செய்யப்படுகிறதோ, அதே பாலிஸ்டைரீன். அதன் மெல்லிய படலத்தை லேசரால் தாக்கினார்கள். சுமார் 15 லட்சம் மடங்கு அழுத்தம், 5,000 டிகிரி வெப்பம். கண்ணுக்குத் தெரியாத நுண்வைரங்கள் பிறந்தன. 2022-ல் தண்ணீர் பாட்டில் செய்யும் பெட் பிளாஸ்டிக்கிலும் அதே சோதனை. ஆக்சிஜன் சேர்ந்ததும் வைரம் இன்னும் சுலபமாக உருவானது. இமைப்பொழுதுகூட நீடிக்காத சோதனையை வைத்து ஒரு கோளையே எடைபோடலாமா என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள்.

வைரத்தைவிட என்னை மலைக்க வைப்பது அங்குள்ள தண்ணீர்தான். ஆக்சிஜன் அணுக்கள் திடப்பொருளாக வரிசைகட்டி நிற்க, அவற்றின் ஊடே ஹைட்ரஜன் திரவம்போல ஓடுகிறது. அதனால் மின்சாரமும் பாய்கிறது. யுரேனஸின் காந்தப்புலம் அதன் சுழல் அச்சிலிருந்து 59 டிகிரி சாய்ந்து, மையத்தையும் விட்டு விலகி நிற்பதற்கும் இந்த விசித்திர நீருக்கும் தொடர்பிருக்கலாம்.

அந்தச் சாய்வை நமக்குச் சொன்னது வாயேஜர் 2. 1986 ஜனவரி 24-ம் தேதி யுரேனஸைக் கடந்து போனது. அதற்குப் பிறகு ஒரு விண்கலம்கூட அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. இதுதான் என் கவலை. உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிய, கோளைச் சுற்றிச் சுற்றி வந்து அதன் ஈர்ப்பையும் காந்தப்புலத்தையும் அளக்க வேண்டும். ஒருமுறை கடந்து போனால் போதாது. 2022-ல் அமெரிக்கக் கோளியலாளர்களின் பத்தாண்டுப் பரிந்துரையில் யுரேனஸ் பயணத்துக்குத்தான் பெரிய திட்டங்களில் முதலிடம். 2030-களின் தொடக்கத்தில் கிளம்பினால் வியாழனின் ஈர்ப்பு உந்தித் தள்ளும். அப்படியும் பயணம் பத்து ஆண்டுகளுக்கு மேல் பிடிக்கும். இத்தகைய கலத்தைக் கட்டவே பல ஆண்டுகள் ஆகும்.

யுரேனஸ் படுத்தபடி சூரியனைச் சுற்ற 84 ஆண்டுகள் எடுத்துக்கொள்கிறது. வாயேஜர் போனபோது அதன் நிலவுகளின் வடபாதி இருட்டில் இருந்தது. 2007-ல் அங்கே விடிந்தது. 2049 வாக்கில் மறுபடி இருட்டிவிடும். அதற்குள் போய்ச் சேராவிட்டால், அடுத்து வெளிச்சம் வர 2091 ஆகிவிடும்.