நாட்குறிப்பும் நண்பர்களும்

நாட்குறிப்பைப் பெட்டியில் வைத்துப் பூட்டிய காலம் ஒன்று உண்டு. இன்றோ அநேகர் அதை இணையத்தில் எழுதுகின்றனர். ஏன்? 1999-ஆம் ஆண்டு அமெரிக்காவில் பிராட் ஃபிட்ஸ்பாட்ரிக் என்ற இளைஞர் 'லைவ்ஜர்னல்' என்னும் நாட்குறிப்புத் தளத்தைத் தொடங்கினார். பள்ளித் தோழர்களுக்குத் தம் செய்திகளை அறிவிப்பதே அவருடைய நோக்கம். ஒவ்வொருவருக்கும் தனித்தனியே கடிதம் எழுத இயலாதவர், ஒரே முறை எழுதி அனைவருக்கும் தெரிவிக்கிறார். தம்மைப் புரிந்துகொள்ளும் ஒருவரையும் தேடுகிறார்.

அத்தளத்தில் 'நண்பர்கள்' என்று ஒரு பட்டியல் உண்டு. அதில் உள்ளோர் மாத்திரம் வாசிக்கும்படி எழுத்தைப் பூட்டி வைக்கலாம். நேரில் சொல்லக் கூசிய துயரத்தை அங்கே எழுதி ஆறுதல் பெற்றோர் உண்டு. பட்டியலிலிருந்து தம் பெயர் நீக்கப்பட்டதைக் கண்டு மனம் நொந்தோரும் உண்டு.

மற்றொரு ஆபத்தையும் கவனியுங்கள். வாசித்து அறிந்துவிட்டதால், "எப்படியிருக்கிறாய்?" என்று கேட்க மறந்துவிடுகிறோம். எழுதியவரோ, தம் பாரத்தை அறிந்தும் ஒருவரும் வரவில்லையே என்று தனிமையில் வாடுகிறார். செய்தி அறிவது வேறு. துணை நிற்பது வேறு.

ஊரையும் உறவையும் விட்டு நகரத்தில் வாழ்கிறவர்களே, இன்று ஒருவருடைய துயரத்தை வாசித்தீர்களா? அவருடைய கதவைத் தட்டுங்கள். தொலைவிலிருந்தால் அழைத்துப் பேசுங்கள்.