நிறுத்தம் 4: லா கொம்பானியா தேவாலயம், கீட்டோ

கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொள்ளுங்கள். கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,850 மீட்டர் உயரத்தில் நிற்கிறீர்கள்.

இயேசு சபையினர் 1605இல் தொடங்கிய இக்கோயில் 1765இல்தான் முடிந்தது. இரண்டே ஆண்டுகளில், 1767இல், ஸ்பெயின் மன்னர் மூன்றாம் கார்லோஸ் அச்சபையையே தம் ஆட்சிப் பகுதிகளிலிருந்து வெளியேற்றிவிட்டார்.

முகப்பு சாம்பல் நிற எரிமலைக் கல். வாசலருகே உள்ள முறுக்குத் தூண்களைப் பக்கத்தில் போய்ப் பாருங்கள். உள்ளே மரச் செதுக்கல்களின் மேல் தங்க ரேக்கு ஒட்டியிருக்கிறது. கண் கூசுகிறதா? கூச வேண்டும் என்றுதான் செய்திருக்கிறார்கள்.

நுழைந்ததும் ஒரு பக்கம் சுருள் படிக்கட்டு தெரியும். எதிர்ப்பக்கத்தில் உள்ள அதன் ஜோடியில் ஏற முடியாது. இருபுறமும் ஒன்றுபோல் தோன்றுவதற்காகச் சுவரில் தீட்டிய ஓவியம் அது.

சூக்ரே தெருவில் மேடேறினால் சான் பிரான்சிஸ்கோ சதுக்கம். அங்குள்ள கோயிலின் தலைமைப் பீடத்தில், 1734இல் பெர்னார்தோ தெ லெகார்தா செதுக்கிய சிறகுள்ள மாதா.