மழையோடு வரும் டயர் நஞ்சு

அமெரிக்காவின் சியாட்டில் நகரத்துக்குள் லாங்ஃபெலோ என்றொரு ஓடை ஓடுகிறது. கடலில் வளர்ந்த கோஹோ சால்மன் மீன்கள் முட்டையிடுவதற்காக இலையுதிர் காலத்தில் அதில் ஏறி வரும். பாழ்பட்டுக் கிடந்த இத்தகைய ஓடைகளை 1990களில் சீரமைத்தார்கள். மீன்களும் திரும்பி வந்தன. ஆனால் மழை பெய்த சில மணி நேரத்தில் அவை வாயைப் பிளந்து, நிலைதடுமாறி, வட்டமடித்துச் செத்தன. வயிற்றை அறுத்துப் பார்த்தால் முட்டைகள் அப்படியே இருந்தன. வந்த பெண் மீன்களில் பாதிக்கு மேல் இப்படி மாண்ட ஆண்டுகள் உண்டு.

நோயா, பூச்சிமருந்தா, ஆக்சிஜன் குறைவா? ஒவ்வொன்றாகச் சோதித்துக் கழித்தார்கள். மிஞ்சியது சாலையில் வழிந்து வடிகால் வழியாக ஓடைக்கு வந்த மழைநீர்தான்.

அந்த மழைநீரில் எது கொல்கிறது என்று கண்டுபிடிக்க இன்னும் பல ஆண்டுகள் ஆயின. சென்யு டியான், எட்வர்ட் கோலோட்ஜி, ஜெனிஃபர் மெக்கின்டயர் ஆகியோர் அடங்கிய குழு, சாலையில் தேயும் டயர்கள்மீது சந்தேகம் கொண்டு, டயர்த் துகள் ஊறிய நீரில் இருந்த 2,000க்கும் மேற்பட்ட வேதிப்பொருள்களைப் பிரித்துப் பிரித்துச் சோதித்தது. 2020 டிசம்பரில் விடை வெளியானது. காற்றிலுள்ள ஓசோன் பட்டால் டயர் ரப்பர் வெடிப்பு விடும். அதைத் தடுக்க 6பிபிடி என்ற பொருளைச் சேர்க்கிறார்கள். ரப்பரை முந்திக்கொண்டு அது ஓசோனோடு வினைபுரிந்துவிடும். டயர் பிழைக்கும். அந்த வினையில் பிறக்கும் 6பிபிடி-குவினோன்தான் மீனைக் கொன்ற நஞ்சு. ஒலிம்பிக் நீச்சல் குளம் ஒன்றின் 25 லட்சம் லிட்டர் நீரில் கால் கிராம் கலந்தாலே போதும், அதில் விட்ட கோஹோ குஞ்சுகளில் பாதி ஒரே நாளில் இறந்துவிடும். அவற்றின் நெருங்கிய உறவான சம் சால்மனோ அதே நீரில் உயிரோடு இருக்கிறது.

இந்தக் கதையில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது வேறொன்று. நஞ்சின் பெயர் தெரிவதற்கு ஐந்து ஆண்டுகளுக்கு முன்பே மருந்து கிடைத்துவிட்டது. நெடுஞ்சாலையில் பிடித்த மழைநீரை மணலும் மட்கு உரமும் மரப்பட்டைத் துருவலும் கலந்த மண் படுகையில் ஊற்றி வடிய விட்டார்கள். வடிந்த நீரில் மீன்கள் பிழைத்தன. வடிகட்டாத நீரில் விட்டவை செத்தன. அந்தப் படுகை, டயர் நஞ்சை மட்டுமல்ல, பிரேக்கிலிருந்து உதிரும் செம்பையும் எண்ணெய்க் கசிவையும் பிடித்து வைத்துக்கொள்கிறது. சியாட்டிலில் இன்று சாலையோரங்களில் இத்தகைய மழைத் தோட்டங்களைப் பார்க்கலாம்.

நம் ஆற்று மீன்களையும் இதே நஞ்சு இப்படியே கொல்கிறது என்று நான் சொல்லவில்லை. ஆனால் 6பிபிடி உலகெங்கும் டயர்களில் சேர்க்கப்படுகிறது. சென்னைச் சாலைகளில் கோடை முழுக்கப் படியும் டயர்த் தூசும் எண்ணெயும் முதல் பெருமழையில் திரண்டு வடிகாலில் இறங்குகின்றன. அந்த வடிகால்கள் கூவத்திலும் அடையாற்றிலும் பக்கிங்காம் கால்வாயிலும் முடிகின்றன. சாக்கடை நீரைச் சுத்திகரிக்கவாவது நிலையங்கள் உண்டு; மழைநீருக்கு அதுவும் கிடையாது. தண்ணீர் தேங்காமல் வேகமாக வெளியேற வேண்டும் என்ற ஒரே நோக்கில் கான்கிரீட் வடிகால் கட்டுகிறோம். வெள்ளம் வடிய அது தேவைதான். மண்ணைத் தொடாமலே நீர் ஆற்றுக்குப் போவதுதான் தவறு.

ஆகவே மரத்தடியைச் சிமென்ட் பூசி மூடாதீர்கள். வண்டியின் பழைய ஆயிலை வடிகாலில் கொட்ட விடாதீர்கள். உங்கள் தெருவில் புதிய வடிகால் வரும்போது, சாலை நீர் முதலில் இறங்குவதற்கு ஓரமாக ஒரு மண் படுகை விடும்படி வார்டு கவுன்சிலரிடம் எழுதிக் கேளுங்கள்.