ராத்திரியில் தானாக இழுக்கும் கால்கள்: தண்டுவடக் காயத்துக்குப் பிறகு உடம்பு என்ன சொல்கிறது?

ஜவ்வாது மலையில் புளி உலுக்கவும், தேன் எடுக்கவும், நெல்லிக்காய், கடுக்காய் பறிக்கவும் மரம் ஏறுவது சாதாரண விஷயம். பிடித்த கிளை முறிந்தால் முதுகெலும்பு நொறுங்கி, உள்ளே இருக்கும் தண்டுவடமும் நசுங்கிவிடலாம். மலைப்பாதை வளைவில் பைக் கவிழ்ந்தாலும் இதே ஆபத்துதான். ஆபரேஷன் முடிந்து வீடு திரும்பியவருக்குச் சில வாரங்களிலோ மாதங்களிலோ புதிதாக ஒன்று தொடங்கும். அதுவரை துவண்டு கிடந்த கால்கள், ராத்திரி படுத்ததும் தானாக வெட்டி இழுக்கும். முட்டி மடங்கி வயிற்றுப் பக்கம் வரும், இல்லையென்றால் கட்டை போல விறைத்து நீளும். அவருக்கும் தூக்கம் போகும், பக்கத்தில் படுத்திருப்பவருக்கும் போகும்.

“கால் அசையுதே, சரியாகிடும் போல” என்று வீட்டில் நம்பிக்கை பிறக்கும். சிலர் காத்து, கருப்பு என்று மந்திரிக்கக் கிளம்புவார்கள். ஆனால் காரணம் தண்டுவடத்திலேயே இருக்கிறது. மருத்துவர்கள் இதை ‘ஸ்பாஸ்டிசிட்டி’ என்கிறார்கள். தமிழில் தசை இறுக்கம், இசிவு.

அசைக்க முடியாத கால் எப்படி அசைகிறது?

சுடும் பாத்திரத்தில் கை பட்டதும் வெடுக்கென இழுத்துக்கொள்கிறோம். அந்த உத்தரவைக் கொடுப்பது தண்டுவடம். மூளைக்கு விஷயம் அப்புறம்தான் தெரியும். தண்டுவடத்தின் இந்த அவசரத்தை அடக்கி வைக்க மூளையிலிருந்து ஒரு ‘பிரேக்’ எப்போதும் வந்துகொண்டே இருக்கும். காயத்தில் அந்தப் பிரேக் அறுந்துபோகிறது. பிறகு போர்வை உரசினாலும், புரண்டு படுத்தாலும் தண்டுவடம் தன் போக்கில் காலை இழுக்கிறது. இதை வைத்து மட்டும் நடை திரும்பிவிடும் என்று சொல்ல முடியாது. தண்டுவடத்தின் கடைசி நுனியிலோ அதற்குக் கீழே உள்ள நரம்புகளிலோ அடிபட்டால் பெரும்பாலும் இந்த இழுப்பு வராது; கால்கள் துவண்டே இருக்கும்.

ராத்திரியில் ஏன் அதிகம்?

பகல் முழுக்க உட்கார்ந்தே இருப்பதால் இடுப்பும் முட்டியும் மடங்கிய நிலைக்குப் பழகிவிடும். படுத்ததும் அவை ஒரேயடியாக நீள்வதே ஒரு தூண்டுதல். நிறைந்த மூத்திரப்பை இன்னொன்று. குளிரும் இறுக்கத்தைக் கூட்டும். மார்கழி, தை மாதங்களில் மலைக் கிராமங்களில் இழுப்பு கூடினால் ஆச்சரியமில்லை.

திடீரென்று கூடினால்?

இதுதான் முக்கியமான கேள்வி. காயத்துக்குக் கீழே வலி பலருக்குச் சரியாகத் தெரியாது. அங்கே ஒரு கோளாறு என்றால் உடம்பு அதைப் பல நேரம் இழுப்பாகத்தான் காட்டும். அதனால் வழக்கத்தைவிட இழுப்பு கூடினால், மாத்திரையைக் கூட்டும் முன் டார்ச் அடித்து ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும்.

• யூரின் டியூப் மடங்கியிருக்கிறதா, அடைத்திருக்கிறதா? மூத்திரம் கலங்கலாக, நாற்றத்துடன் வருகிறதா? காய்ச்சல் உண்டா?
• மலம் கழித்து எத்தனை நாள் ஆகிறது?
• இடுப்பின் பின்பக்கம், உட்காரும் எலும்பு, குதிகால் ஆகிய இடங்களில் சிவப்போ படுக்கைப்புண்ணோ இருக்கிறதா?
• கால் நகம் சதைக்குள் வளர்ந்திருக்கிறதா? கால் ஒரு பக்கம் வீங்கியோ சூடாகவோ இருக்கிறதா? (தெரியாமல் எலும்பு முறிந்திருக்கலாம், ரத்தம் உறைந்திருக்கலாம்.)
• வேட்டி, பெல்ட், டியூப் கட்டும் பட்டை இறுக்குகிறதா?

மார்பின் நடுப்பகுதிக்கு மேல், குறிப்பாக டி6 எலும்பு அளவிலோ அதற்கு மேலோ, அடிபட்டவர்களுக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. இதே காரணங்களால் ரத்த அழுத்தம் எகிறலாம். மண்டையைப் பிளக்கும் தலைவலி, முகம் சிவப்பது, காயத்துக்கு மேலே வியர்ப்பது இதன் அறிகுறிகள். உடனே நிமிர்த்தி உட்கார வையுங்கள், துணியைத் தளர்த்துங்கள், டியூப் அடைப்பைப் பாருங்கள். 108-ஐக் கூப்பிடத் தாமதிக்க வேண்டாம். பக்கவாதம்வரை போகக்கூடிய அவசரம் இது.

படுக்கும் முன் என்ன செய்யலாம்?

இடுப்பு, முட்டி, கணுக்கால் மூன்றையும் மெதுவாக நீட்டி, ஒவ்வொன்றையும் அரை நிமிடமாவது பிடித்திருக்க வேண்டும். வெடுக்கென்று இழுத்தால் இழுப்பு கூடும். மெலிந்த எலும்பு முறியவும் கூடும். கால் துடிக்கும்போது பலம் கொண்டு அமுக்கக் கூடாது. அடங்கும்வரை தாங்கிப் பிடித்தால் போதும். பக்கவாட்டில் படுத்து, முட்டிகளுக்கு இடையே தலையணை வைப்பது பலருக்கு உதவும். மருத்துவர் சம்மதித்தால், தினமும் கொஞ்ச நேரம் குப்புறப் படுப்பதும் இடுப்பைத் தளர்த்தும்.

குளிருக்குக் கம்பளியும் காலுறையும் போதும். வெந்நீர் ஒத்தடம், கால்மாட்டில் நெருப்புச் சட்டி கூடவே கூடாது. உணர்ச்சியில்லாத தோல் வெந்தாலும் தெரியாது.

மாத்திரை தீர்ந்துபோனால்?

இழுப்பை அடக்க அதிகம் தரப்படுவது பேக்லோஃபென். குறைந்த அளவில் தொடங்கி மெல்ல மெல்லக் கூட்டுவார்கள். டிசானிடின் போன்ற மருந்துகளும் உண்டு. ஓரிரு தசைகள் மட்டும் இறுகினால் போட்டாக்ஸ் ஊசியும் போடலாம். மயக்கம், சோர்வு தரும் மருந்துகள் இவை. குடிப்பழக்கம் சேர்ந்தால் ஆபத்து.

பல நாளாகச் சாப்பிடும் பேக்லோஃபெனைத் திடீரென நிறுத்தினால் இழுப்பு பல மடங்காகத் திரும்பும். கடும் காய்ச்சல், பிதற்றல், வலிப்பு வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். “இன்னைக்கு பஸ் இல்ல, நாளைக்கு வாங்கிக்கலாம்” என்பது இந்த மாத்திரைக்குப் பொருந்தாது. மலையில் இருப்பவர்கள் இரண்டு வாரத்துக்காவது கையிருப்பு வைப்பது நல்லது.

இழுப்பைச் சுத்தமாக ஒழிப்பதும் இலக்கல்ல. படுக்கையிலிருந்து சக்கர நாற்காலிக்கு மாறும்போது காலின் விறைப்பே சிலருக்கு ஊன்றுகோல். தூக்கம் கெடுகிறதா, தோல் உரசுகிறதா, மூட்டு மடங்கியே போகிறதா என்று பார்த்துத்தான் மருத்துவர் அளவை முடிவு செய்வார்.

எங்கே போவது?

இந்தியாவில் மறுவாழ்வு மருத்துவம் வேரூன்றிய இடங்களில் ஒன்று மலையடிவாரத்திலிருந்து தூரமில்லாத வேலூர். சி.எம்.சி. மருத்துவர் மேரி வர்கீஸ் 1954-இல் விபத்தில் சிக்கி, இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். பிறகு சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். வெளிநாட்டில் மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பிய அவருடைய முயற்சியில், 1966-இல் பாகாயத்தில் மறுவாழ்வு மையம் உருவானது. 1972-இல் பத்மஸ்ரீ பெற்றார். சென்னை கே.கே. நகரில் அரசு மறுவாழ்வு மருத்துவ நிலையம் இருக்கிறது.

ஒவ்வொரு முறையும் மலையிறங்க முடியாதவர்களுக்கு, 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி தருவதும் அடக்கம். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிந்து கேட்கலாம். போகும்போது ஒரு நோட்டும் கொண்டுபோங்கள்: எந்த ராத்திரி, எத்தனை மணிக்கு, எத்தனை முறை இழுத்தது, அன்று மூத்திரமும் மலமும் எப்படி இருந்தன என்று ஒரு வாரம் குறித்தது. மருந்தைக் கூட்டுவதா, டியூபை மாற்றுவதா என்று மருத்துவர் முடிவெடுக்க அந்த ஒரு பக்கம் பெரிய உதவி.