முடிவைச் சொல்லாதீர்கள்!

1960, 1961 ஆகிய இரண்டு ஆண்டுகளும் விம்பிள்டன் டென்னிஸ் அரை இறுதியில் ஆடினார், தமிழ்நாட்டு வீரர் ராமநாதன் கிருஷ்ணன். ஆட்டத்தை இங்கே யார் பார்த்தார்கள்? சென்னைக்கு டெலிவிஷன் வந்ததே 1975-ல்தான்! முதலில் பிரேசரிடமும், அடுத்த ஆண்டு லேவரிடமும் அவர் தோற்ற செய்தியைப் பத்திரிகையில் படித்ததோடு சரி.

இன்று சிவகாசி பக்கத்து விஸ்வநத்தத்தில் இருந்து வெளிநாடு போனவர், பயணத்தில் தவறவிட்ட ஆட்டத்தை ஊர் திரும்பிய பிறகு செல்போனில் பார்க்கலாம். சந்தா கட்ட வேண்டும், அவ்வளவுதான்.

நியூயார்க்கில் இரவு 7 மணிக்குத் தொடங்கும் ஆட்டம், இங்கே மறுநாள் அதிகாலை 4.30 மணி. பட்டாசு ஆலைக்குப் போகிறவர் வேலை முடிந்து வந்து, மாலையில் ஆற அமரப் பார்க்கலாம்.

ஆனால், முடிவு முன்பே காதில் விழக்கூடாது. விழுந்தால், நமத்துப்போன வெடிதான்! வீட்டார் வாயை மூடிக்கொண்டாலும், ஆட்டத்தைத் தேடும்போதே ஜெயித்தவர் பெயரைச் செல்போன் காட்டிக்கொடுத்துவிடுவதும் உண்டு.